ஃப்ரீவேல கார் தானா பிரேக் அடிச்சிடுச்சு, இனிமே இந்த லேன் அசிஸ்ட்ட நம்பி ஓட்டலாமா?

பாலைவனத்தான் (கேள்வி):

வணக்கம் மக்களே. நாங்க இருக்கறது அரிசோனால சேண்ட்லர். போன வருஷம் புது எஸ்யூவி ஒண்ணு எடுத்தோம், பிராண்ட் பேர் வேணாம், இப்ப எல்லா கம்பெனிலயும் வர்ற அதே ஐட்டம் தான் இதுலயும், முன்னாடி போற வண்டிய பார்த்து வேகத்த கூட்டி குறைக்கற குரூஸ், லேன் நடுவுல தானா ஸ்டீரிங் திருப்பறது, இடிக்கப் போறோம்னா தானா பிரேக் போடறது.

போன வியாழக்கிழமை சாயந்திரம் திருச்சில இருந்து வந்த அம்மாவ ஏர்போர்ட்ல கூட்டிக்கிட்டு 202 ஃப்ரீவேல வந்துட்டு இருந்தேன். பின் சீட்ல அம்மா, பக்கத்துல கார் சீட்ல என் நாலு வயசுப் பொண்ணு. குரூஸ் 65 மைல்ல இருக்கு, முன்னாடி ஒரு வண்டி கூட இல்ல. ஒரு மேம்பாலத்துக்கு அடில நுழையப் போற நேரம் பார்த்து கார் சடார்னு பிரேக் போட்டுச்சு, நான் என்ன ஏதுன்னு பார்க்கறதுக்குள்ள 40-க்கு கீழ வந்துருச்சு, ஆக்சிலரேட்டர மிதிச்ச பிறகு தான் விட்டுச்சு. பின்னாடி வந்த பிக்கப்காரர் ஹார்ன அமுக்கிக்கிட்டே பக்கத்து லேனுக்கு ஒடிச்சதால தப்பிச்சோம். அம்மா பாப்பா மேல கைய வெச்சுக்கிட்டு சமயபுரத்தாளேன்னு கத்துனது இன்னும் காதுலயே இருக்கு.

எனக்கு இப்ப பெரிய கவலை என் மனைவிய பத்தி தான். அவங்க நர்ஸ், வாரத்துல மூணு நாள் நைட் ஷிஃப்ட், 12 மணி நேரம் நின்னுட்டு காலைல 40 நிமிஷம் ஃப்ரீவேல ஓட்டிட்டு வரணும். அசதியா இருக்கறப்ப லேன் அசிஸ்ட் போட்டுக்கறேன், அது பார்த்துக்குதுன்னு சொல்லுவாங்க, நானும் நல்லது தானேன்னு விட்டுட்டேன். இப்ப அது சரியான்னு தெரியல. மொத்தத்தையும் ஆஃப் பண்ணிடணுமா? இது எங்க கார்ல மட்டும் உள்ள கோளாறா, இல்ல இந்த டெக்னாலஜியே இப்படி தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


வன்னிமகன்:

தம்பி, முதல்ல எல்லாரும் சுகமா வீட்ட வந்து சேர்ந்தது பெரிய விசயம். நான் டொராண்டோல இருந்து 17 வருசமா ட்ரக் ஓடுறன், 53 அடி ட்ரெய்லர். அந்த பிக்கப் வந்த இடத்தில என்ர வாகனம் வந்திருந்தா எண்டு யோசிக்கவே நெஞ்சு பதறுது. லோட் ஏத்தின ட்ரக்க கார் மாதிரி உடன நிப்பாட்டேலாது.

இதுகள நம்பி ஓடாதேங்கோ எண்டு நான் சொல்லுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2016 மே மாசம் ஃப்ளோரிடால வில்லிஸ்டன் எண்ட ஊருக்குப் பக்கத்தில ஒரு ட்ரக் ஹைவேயக் குறுக்க கடந்து இடப்பக்கம் திரும்புது, நேர வந்த டெஸ்லா மாடல் எஸ், தானா ஓடுற அதின்ர ஆட்டோபைலட் வசதியப் போட்டபடி, 74 மைல் வேகத்தில ட்ரெய்லருக்குக் கீழால பூந்திட்டுது. காரும் பிரேக் போடேல்ல, ஓடினவரும் போடேல்ல, ஆள் அந்த இடத்திலயே செத்திட்டார். விசாரிச்ச என்டிஎஸ்பி, அதாவது அமெரிக்க அரசின்ர விபத்து விசாரணைச் சபை, எடுத்த கணக்கில, ஆட்டோபைலட் ஓடின 37 நிமிசத்தில அவர் ஸ்டீரிங்கில கை வச்சிருந்தது வெறும் 25 செக்கன்.

சரி, ஒருக்கா பிழைச்சுப் போச்சு, திருத்தியிருப்பினம் எண்டு நினைச்சா, 2019 மார்ச்சில அதே ஃப்ளோரிடால டெல்ரே பீச்சில அச்சொட்டா அதே மாதிரி இன்னொரு டெஸ்லா, இன்னொரு ட்ரக், ட்ரெய்லருக்குக் கீழ, அதில செத்தவருக்கு 50 வயசு தான். எங்கட ட்ரெய்லர்ர பின்பக்கத்தில கார் உள்ள பூராமல் இரும்புத் தடுப்பு போடச் சட்டம் இருக்கு, பக்கவாட்டுக்கு அமெரிக்காவில அப்பிடி ஒரு சட்டமும் இல்ல, வெறும் வெளி தான். காற்றுப் பையும் ஒண்டும் செய்யாது, ஏனெண்டா முதல்ல அடிபடுறது கண்ணாடியும் கூரையும்.

உங்கட மனைவிய நைட் ஷிஃப்ட் முடிஞ்ச கையோட இத நம்பி ஓட விடாதேங்கோ. அவ்வளவு தான் சொல்லுவன்.


மில்_அவென்யூ:

சகோ, நான் 2018-ல டெம்பில எம்.எஸ் படிச்சிட்டு இருந்தேன், உங்களுக்கு பக்கத்து ஊர் தான். ஊபரோட தானா ஓடற டெஸ்ட் வண்டி, தலைல சென்சார் கோபுரம் வெச்ச வால்வோ எக்ஸ்சி90, எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல தினமும் போகும், நாங்களும் ஆன்னு வாய பொளந்துக்கிட்டு பார்த்து போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவோம். மார்ச் 18 ராத்திரி பத்து மணிக்கு கொஞ்சம் முன்னாடி மில் அவென்யூல, 49 வயசு அம்மா ஒருத்தங்க சைக்கிள தள்ளிக்கிட்டு ரோட்ட கிராஸ் பண்ணிட்டு இருந்தாங்க. அந்த வண்டி அடிச்சு அவங்க இறந்துட்டாங்க. தானா ஓடற கார் அடிச்சு ரோட்ல நடந்து போன ஒரு ஆள் செத்தது உலகத்துலயே அது தான் முதல் தடவை.

மறுநாள் எல்லாரும் இருட்டுல திடீர்னு குறுக்க வந்துட்டாங்க, மனுஷனா இருந்தாலும் இடிச்சிருப்பான்னு பேசுனாங்க, நானும் அப்படி தான் நினைச்சேன். அடுத்த வருஷம் என்டிஎஸ்பி ரிப்போர்ட் வந்தப்புறம் உக்காந்து படிச்சேன், அன்னைக்கு எனக்கு தூக்கம் வரல. கார் அவங்கள பார்க்காம இடிக்கல சகோ. 5.6 செகண்ட் முன்னாடியே பார்த்துருச்சு. அது ஓடின வேகத்துக்கு சுமாரா 100 மீட்டர் தூரம். பார்த்துட்டு என்ன பண்ணுச்சுன்னா, முதல்ல ஒரு வண்டிங்குது, அப்புறம் தெரியாத பொருள்ங்குது, திரும்ப வண்டி, அப்புறம் சைக்கிள், இப்படி மாத்தி மாத்தி பேர் வெச்சுட்டு இருந்துச்சு. ஒவ்வொரு தடவ பேர மாத்தறப்பவும் அது வரைக்கும் அந்த உருவம் எந்தப் பக்கமா நகர்ந்துச்சுங்கற கணக்க தூக்கிப் போட்டுட்டு புதுசா ஆரம்பிக்குது. அதனால அவங்க ரோட்ட கடக்கறாங்கங்கற முடிவுக்கே அதால வர முடியல. ஜீப்ரா கிராஸிங் இல்லாத இடத்துலயும் ஆளுங்க ரோட்ட கடப்பாங்கன்னு அந்த சாஃப்ட்வேர்ல எழுதவே இல்ல. நம்ம ஊர்ல பொறந்தவன் யாராவது அப்படி ஒரு சாஃப்ட்வேர் எழுதுவானா சொல்லுங்க.

இன்னொண்ணு இருக்கு. இடிக்கப் போறது உறுதின்னு தெரிஞ்சப்புறமும் அந்த சிஸ்டம் ஒரு செகண்ட் வேணும்னே காத்திருக்கற மாதிரி செட் பண்ணிருந்தாங்க, ஏன்னா தேவையில்லாம பிரேக் போட்டுடுமோன்னு பயம், அதாவது உங்களுக்கு வியாழக்கிழமை நடந்துச்சே அதே தான். வால்வோல கம்பெனி குடுத்த சொந்த எமர்ஜென்சி பிரேக் இருந்துச்சு, அதையும் ஊபர் சிஸ்டம் ஓடறப்ப ஆஃப் ஆகற மாதிரி வெச்சிருந்தாங்க. கடைசி காவல் உள்ள உக்காந்திருந்த சேஃப்டி டிரைவர் தான், அவங்க போன்ல டிவி ஷோ பார்த்துட்டு இருந்தாங்க. முதல்ல வண்டிக்கு ரெண்டு பேர்னு வெச்சிருந்தத அதுக்கு சில மாசம் முன்னாடி தான் ஒரு ஆளா குறைச்சிருந்தாங்க. கடைசில கேஸ் அந்த டிரைவர் மேல தான், 2023-ல குத்தத்த ஒத்துக்கிட்டு மூணு வருஷம் ப்ரொபேஷன், அதாவது ஜெயிலுக்கு பதிலா கண்காணிப்பு. கம்பெனி மேல கிரிமினல் கேஸே போடல. இது எனக்கு இன்னைக்கும் ஆறாத விஷயம்.


ஐந்தாம்கியர்:

எல்லாரும் பயமுறுத்தறீங்க, இன்னொரு பக்கமும் சொல்லணும். அமெரிக்கால 2022-ல மட்டும் ரோட்ல செத்தவங்க 42 ஆயிரத்துக்கு மேல, இதுல கிட்டத்தட்ட எல்லாமே மனுஷங்க ஓட்டுன வண்டி தான். தானா பிரேக் போடற வசதி இருக்கற வண்டில முன்னாடி போற வண்டிய பின்னால இடிக்கற ஆக்சிடெண்ட் பாதியா குறைஞ்சிருக்குன்னு ஐஐஎச்எஸ் கணக்கே இருக்கு, அது இன்சூரன்ஸ் கம்பெனிங்க நடத்தற ரோடு பாதுகாப்பு அமைப்பு. என் சொந்த அனுபவம், போன மழைக்கு டல்லாஸ்ல முன்னாடி டிராஃபிக் நின்னத நான் கவனிக்கறதுக்குள்ள கார் நிறுத்திருச்சு, என் ரெண்டு பசங்களும் உள்ள இருந்தாங்க. ஒரு தடவ பிரேக் அடிச்சதுக்காக மொத்தமா ஆஃப் பண்ணா அது தான் ஆபத்து. தயவுசெஞ்சு அந்த பிரேக்க மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க.


சென்சார்காரி:

நான் மிச்சிகன்ல டிரைவர் அசிஸ்ட் சிஸ்டம் டெஸ்டிங்ல ஒன்பது வருஷமா இருக்கேன். ஐந்தாம்கியர் சொன்னத நான் முழுசா ஒத்துக்கறேன், பாலைவனத்தான் தம்பி அத முதல்ல மனசுல வெச்சுக்கோங்க. உங்க கார்ல மூணு தனித்தனி விஷயம் இருக்கு, அத ஒண்ணா போட்டு குழப்பிக்கறோம். எமர்ஜென்சி பிரேக் உங்க மேல கண்ண வெச்சுட்டு சும்மா உக்காந்திருக்கும், நீங்க தவறினா மட்டும் வரும். ஓட்டறது நீங்க, காவல் அது. லேன்ல தானா ஓட்டறதும் குரூஸும் சேர்ந்துட்டா இது தலைகீழா மாறிடுது, ஓட்டறது அது, காவல் நீங்க. மனுஷனால மணிக்கணக்கா சும்மா உக்காந்து காவல் காக்க முடியாது, அதுவும் 12 மணி நேர ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்ற ஒருத்தங்களால சுத்தமா முடியாது. உங்க மனைவி அசதியா இருக்கறப்ப அத போட்டுக்கறாங்கன்னு எழுதியிருந்தீங்களே, எனக்கு அந்த ஒரு வரில தான் வயித்த கலக்குச்சு. 65 மைல்ல ஒரு செகண்டுக்கு வண்டி 29 மீட்டர் போகும். கார் திடீர்னு கை விட்டா, கண்ண முழிச்சு, நிலைமைய புரிஞ்சு, கால வைக்க ரெண்டு மூணு செகண்ட் ஆகும், அதுக்குள்ள ஒரு கால்பந்து மைதானத்துல முக்கால்வாசி தாண்டிருப்பீங்க.

இப்ப மேம்பால விஷயம். ராடார் அலைய அனுப்பி திரும்பி வர்றத வெச்சு எதிர்ல இருக்கறது எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம்னு நல்லா சொல்லும், ஆனா அது எவ்வளவு உயரத்துல இருக்குன்னு சொல்றதுல பழைய மாதிரி ராடார் எல்லாம் ரொம்ப வீக். தலைக்கு மேல இருக்கற பாலமும் சரி, சைன் போர்டும் சரி, ரோட்ல பதிச்ச இரும்பு மூடியும் சரி, ரோட்டு நடுவுல நிக்கற ஃபயர் டிரக்கும் சரி, ராடாருக்கு எல்லாமே அசையாம நிக்கற ஒரு எதிரொலி தான். ஒவ்வொண்ணுக்கும் பிரேக் போட்டா கார் ஓட்டவே முடியாதுன்னு அசையாத எதிரொலி நிறையத்த கழிச்சு விட்டுடுவாங்க. கேமரா தான் இது பாலத்தோட நிழல், இது வண்டின்னு பிரிச்சு சொல்லணும். சாயந்திர வெயில்ல பாலத்துக்கு அடில விழற கறுப்பு நிழல கேமராவும் தப்பா எடுத்துக்கிட்டா, ரெண்டும் சேர்ந்து முன்னாடி எதோ நிக்குதுன்னு முடிவு பண்ணிடும். உங்களுக்கு நடந்தது இதுவா இருக்க வாய்ப்பு அதிகம்.

இதுல கஷ்டம் என்னன்னா, எவ்வளவு சந்தேகம் வந்தா பிரேக் போடணும்னு ஒரு கோடு போடணும். கோட்ட கீழ இறக்குனா உங்கள மாதிரி காலி ரோட்ல பிரேக் அடிக்கும். மேல ஏத்துனா நிஜமாவே நிக்கற வண்டில போய் மோதும். பிரேக்கே போடாம மோதுனதுக்கு ஒரு உதாரணம் 2018-ல கலிஃபோர்னியால மவுண்டன் வியூல நடந்தது, 101 ஃப்ரீவே பிரியற இடத்துல லேன் கோடு ரெண்டா பிரியுது, ஆட்டோபைலட்ல வந்த டெஸ்லா அந்த நடு இடத்த லேன்னு எடுத்துக்கிச்சு, முன்னாடி வண்டி இல்லாததால 62-ல இருந்து 71 மைலுக்கு வேகத்த ஏத்திட்டு நேரா கான்கிரீட் தடுப்புக்கு போச்சு. தடுப்புக்கு முன்னாடி அடிய வாங்கற அமைப்பு 11 நாள் முன்னாடி இன்னொரு வண்டி இடிச்சு நசுங்கி கிடந்துச்சு, யாரும் சரி பண்ணல. ஓட்டுனவர் இறந்துட்டார், இன்ஜினியர், 38 வயசு. கடைசி ஆறு செகண்ட் அவர் கை ஸ்டீரிங்ல இல்ல. அந்த இடத்துல கார் தடுமாறுதுன்னு அவர் முன்னாடியே வீட்ல சொல்லிருக்கார், அது தான் ரொம்ப வருத்தம்.

நின்னுட்டு இருக்கற போலீஸ், ஃபயர் வண்டிங்கள டெஸ்லா கார்ங்க இடிச்சத பத்தி 2021 ஆகஸ்ட்ல அமெரிக்க அரசோட வாகனப் பாதுகாப்பு அமைப்பு என்எச்டிஎஸ்ஏ விசாரணை ஆரம்பிச்சு, 2023 டிசம்பர்ல டெஸ்லா 20 லட்சத்துக்கு மேல வண்டிக்கு ரீகால், அதாவது குறைய சரி பண்ணித் தர்ற அறிவிப்பு, விட்டுச்சு, டிரைவர் கவனிக்கறாரான்னு பார்க்கற எச்சரிக்கைய கூட்டி சாஃப்ட்வேர் அனுப்புனாங்க. ஆனா ஒரு கம்பெனிய மட்டும் சொல்லி பிரயோஜனம் இல்ல. 2024-ல ஐஐஎச்எஸ் 14 சிஸ்டத்த எடுத்து டிரைவர் கவனத்த ஒழுங்கா கண்காணிக்குதான்னு மார்க் போட்டாங்க, 11 சிஸ்டம் அடிமட்ட மார்க், பரவாயில்லன்னு பேர் வாங்குனது ஒண்ணே ஒண்ணு. அப்புறம் உங்க மனைவி இருட்டுல வேலைக்கு கிளம்பறாங்கன்னா இதையும் சொல்லிடுங்க, ஆளுங்கள பார்த்து பிரேக் போடற வசதி லைட் இல்லாத ரோட்ல ராத்திரில ஒரு வித்தியாசமும் பண்ணலன்னு ஐஐஎச்எஸ்ஸே 2022-ல கணக்கு எடுத்திருக்காங்க.

தம்பி ஒரு முக்கியமான கேள்வி, சமீபத்துல முன் கண்ணாடி மாத்துனீங்களா? அரிசோனால ஜல்லி பட்டு கண்ணாடி விரியறது சகஜம்னு கேக்கறேன்.


ஓஎம்ஆர்வாசி:

இங்க சென்னைல என் கார்லயும் இதே லெவல் 2 தான் அண்ணா, ஸ்டீரிங்கும் வேகமும் கார் பார்த்துக்கும், ஆனா டிரைவர் கவனிச்சிட்டே இருக்கணும். கேப் விட்டு ஓட்டுனா அந்த கேப்ல பைக்காரன் நுழைவான், உடனே பிரேக் அடிக்கும், பின்னாடி வர்ற எம்டிசி பஸ் என்ன பண்ணும். பள்ளத்த ஒதுங்கி ஓட்டுனா லேன் அசிஸ்ட் ஸ்டீரிங்க திரும்ப பள்ளத்துக்கே இழுக்குது. சிட்டிக்குள்ள லேன் அசிஸ்ட் ஆஃப், திருச்சி ஹைவேல கூட ராங் சைடுல டிராக்டர் வர்றதால குரூஸ் போட பயமா இருக்கு. பிரேக்க மட்டும் ஆன்லயே வெச்சிருக்கேன், சென்சிடிவிட்டி லோ.


பாலைவனத்தான்:

சென்சார்காரி அக்கா, நீங்க கேட்டத படிச்சதும் ஓடிப் போய் பில்ல எடுத்து பார்த்தேன். ரெண்டு மாசம் முன்னாடி கண்ணாடி மாத்துனோம், இன்சூரன்ஸ்ல, பார்க்கிங்லயே வந்து ஒரு மணி நேரத்துல மாத்திட்டு போயிட்டாங்க. கேமரா பத்தி அந்த பில்ல ஒரு வார்த்த கூட இல்ல. அது முக்கியம்னு எனக்கு யாரும் சொல்லவும் இல்ல.

மில்_அவென்யூ சகோ, அந்த ரோட்ல நாங்க வாரா வாரம் போறோம், இது தெரியாது. மனைவிகிட்ட படிச்சுக் காட்டுனேன், அவங்க ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

ஒரு டவுட், அம்மா வந்ததுல இருந்து டிரைவரே இல்லாம ஓடற வேமோ டாக்சில ஒரு தடவ போகணும்ங்கறாங்க. அது எப்படி?


சென்சார்காரி:

நினைச்சேன். கேமரா முன் கண்ணாடில தான் ஒட்டிருக்கு, கண்ணாடி மாத்துனா கட்டாயம் திரும்ப கலிபரேட் பண்ணணும், அதாவது கேமரா கோணத்த அளந்து சரியா செட் பண்ணணும். ஒரு டிகிரி கோணம் மாறுனா 100 மீட்டர் தள்ளி ஒண்ணே முக்கால் மீட்டர் விலகிடும், அதாவது கிட்டத்தட்ட பாதி லேன். தலைக்கு மேல இருக்கறத ரோட்ல இருக்குன்னு நினைக்க அதுவும் காரணமா இருக்கலாம். அது வரைக்கும் குரூஸ், லேன் ரெண்டும் வேணாம்.

வேமோ வேற ரகம், அது லெவல் 4, ஒரு குறிப்பிட்ட ஏரியாவுக்குள்ள மட்டும் மேப் போட்டு, லேசர் வெச்சு தூரம் அளக்கற லைடார், ராடார், கேமரா எல்லாம் வெச்சு ஓடுது, உள்ள இருக்கறவங்க காவல் காக்க வேண்டியதில்ல. அம்மாவ தாராளமா கூட்டிட்டு போங்க. அதுக்காக குறையே இல்லன்னு இல்ல. 2023 டிசம்பர்ல உங்க ஃபீனிக்ஸ்லயே ஒரு பிக்கப்ப கோணலா கட்டி பின்பக்கமா இழுத்துட்டு போறாங்க, அது எந்தப் பக்கம் போகும்னு தப்பா கணிச்சு ஒரு வேமோ இடிச்சுது, சில நிமிஷத்துல இன்னொரு வேமோவும் அதே பிக்கப்ப இடிச்சுது. மனுஷன்னா ஒருத்தர் பண்ற தப்ப அடுத்தவர் பண்ணணும்னு இல்ல, இங்க எல்லா வண்டிக்கும் ஒரே மூளை. 2024-ல 444 வண்டிக்கு ரீகால் விட்டு சரி பண்ணாங்க.

சான் பிரான்சிஸ்கோல 2023 அக்டோபர்ல க்ரூஸ்ங்கற கம்பெனியோட டிரைவர் இல்லாத வண்டி பண்ணது இத விட கொடுமை, வேற ஒரு கார் அடிச்சு தூக்கிப் போட்ட பொண்ணு இதுக்கு முன்னாடி விழுந்தாங்க, இதுவும் இடிச்சு நின்னுச்சு, நின்னதோட விட்டிருக்கலாம், பக்கவாட்டுல எதோ இடிச்சுதுன்னு நினைச்சு ஓரமா ஒதுங்கறேன்னு அடில மாட்டுன ஆளோட 20 அடி இழுத்துட்டு போச்சு. அடில ஆள் இருக்காங்கன்னு அதுக்கு தெரியல. சின்னப் பையனுக்கு கூட இறங்கிப் பார்க்கணும்னு தோணும். அந்த மாசமே கலிஃபோர்னியா அந்த கம்பெனியோட பெர்மிட்ட நிறுத்திருச்சு.


பாலைவனத்தான்:

அப்டேட் போடறேன், பத்து நாள் ஆச்சு. டீலர்கிட்ட விட்டு முன்னாடி பலகை எல்லாம் நிக்க வெச்சு கலிபரேட் பண்ணி, அப்புறம் ரோட்ல ஓட்டியும் பார்த்தாங்க. கேமரா கோணம் விலகி தான் இருந்திருக்கு. அதே பாலத்துக்கு அடில அதே நேரத்துல நான் தனியா நாலு தடவ போனேன், பிரேக் அடிக்கல. ஆனா குரூஸ்ல போகல, கைல கால்ல ஓட்டிட்டு தான் போனேன், அதனால முழுசா சரியாயிடுச்சான்னு சொல்ல மாட்டேன்.

மனைவி கார்ல லேன் ஸ்டீரிங்க ஆஃப் பண்ணிட்டோம், எமர்ஜென்சி பிரேக் ஆன்ல இருக்கு. ஷிஃப்ட் முடிஞ்சதும் ஆஸ்பத்திரிலயே அரை மணி நேரம் படுத்துட்டு கிளம்பறாங்க, மூணாவது நாள் நான் போய் கூட்டிட்டு வர்றேன், பாப்பாவ காலைல அம்மா பார்த்துக்கறாங்க. அம்மா ஊருக்கு போனப்புறம் என்ன பண்றதுன்னு இன்னும் தெரியல, கூட வேலை பார்க்கற ஒரு மலையாளி சிஸ்டர் எங்க ஏரியா தான், அவங்களோட ஒரே ஷிஃப்ட் கிடைக்குமான்னு கேட்டிருக்காங்க.


சென்சார்காரி:

ரொம்ப நல்லது தம்பி. இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு. என்எச்டிஎஸ்ஏ வெப்சைட்ல போய் நடந்தத வண்டியோட வின் நம்பர், அதாவது அந்த வண்டிக்குன்னு இருக்கற அடையாள எண், போட்டு பதிவு பண்ணுங்க, கண்ணாடி மாத்துன தேதியையும் எழுதுங்க. 2022-ல டெஸ்லா வண்டிங்க காரணமில்லாம பிரேக் அடிக்கறத பத்தி விசாரணை ஆரம்பிச்சதே ஒன்பது மாசத்துல 354 பேர் உக்காந்து எழுதுனதால தான், அதே வருஷம் ஹோண்டா மேலயும் அப்படி தான் ஆரம்பிச்சாங்க. எழுதாம விட்டா அது கணக்குலயே வராது.


பாலைவனத்தான்:

இப்ப தான் எழுதி அனுப்பினேன் அக்கா, பதினஞ்சு நிமிஷம் ஆச்சு. பின்னாடி வந்த பிக்கப்ப பத்தியும் எழுதிருக்கேன். கண்ணாடி மாத்துன கடைக்கும் போன் பண்ணி சொன்னேன், இனிமே கலிபரேஷன் பத்தி கஸ்டமர்கிட்ட சொல்றோம்னாங்க. எங்க அபார்ட்மெண்ட் தமிழ் வாட்ஸ்ஆப் குரூப்ல கேட்டதுல எங்களுக்கு முன்னாடி மூணு பேர் அதே மாதிரி பார்க்கிங்லயே கண்ணாடி மாத்திருக்காங்க, யாரும் கலிபரேட் பண்ணல. மூணு பேரும் இந்த வாரம் அப்பாயிண்ட்மெண்ட் போட்டிருக்காங்க.